வளையலைக் கழற்றுமுன் ஒரு கேள்வி

போன மாதம் திருமங்கலத்திலிருந்து அக்கா வந்திருந்தாள். முகமே சரியில்லை.

"சின்னவன் வேலையை விட்டுட்டான்டி. சிநேகிதங்களோட சேர்ந்து ஏதோ ஸ்டார்ட்-அப் கம்பெனியாம். என் வளையலை அடகு வெச்சுப் பணம் குடுக்கணுமாம்" என்றாள்.

பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஆப் பண்றோம் சித்தி. மூணு வருஷத்துல நல்ல விலைக்கு வித்துடலாம்."

"சரிப்பா, அது யாரோட கஷ்டத்தைத் தீர்க்கும்?"

பதில் இல்லை.

மறுநாள் என் மாமியாருக்குக் கண் பரிசோதனை. அவனையே துணைக்கு அழைத்துக்கொண்டு அண்ணா நகர் அரவிந்த் மருத்துவமனைக்குப் போனேன். காத்திருந்த நேரத்தில் அந்த இடத்தின் கதையையே சொன்னேன்.

டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்று, 58 வயதில், 1976-ல் 11 படுக்கைகளோடு இதை ஆரம்பித்தார். மூட்டுவாதத்தால் கோணிப்போன விரல்கள். அவற்றைக் கொண்டே கண் அறுவை சிகிச்சை பழகியவர். வீட்டை அடமானம் வைத்தார். குடும்பத்தார் நகைகளும் அடகுக்குப் போயின.

"பாத்தீங்களா, இங்கேயும் நகைதானே!" என்றான் பையன்.

"ஆமாம். ஆனா எதுக்குன்னு தெரிஞ்சு வெச்சாங்க" என்றேன். தவிர்க்கக்கூடிய பார்வையிழப்பு யாருக்கும் இருக்கக்கூடாது. அவ்வளவுதான் அவர்கள் நோக்கம்.

பிற்பாடு கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ் வந்தது. வெளிநாட்டு லென்ஸ் ஒன்று சுமார் 100 டாலர். காசுள்ளவர்களுக்கு லென்ஸ், ஏழைகளுக்குத் தடித்த கண்ணாடி என்று ஆயிற்று. 'நமக்கு வைத்தியம்தானே தெரியும்' என்று அவர்கள் சும்மா இருக்கவில்லை. 1992-ல் மதுரையிலேயே ஆரோலேப் தொடங்கி, சுமார் 10 டாலருக்கு லென்ஸ் செய்து காட்டினார்கள். இன்று அது நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது. நோக்கம் தெளிவாக இருந்ததால் அடுத்து என்ன செய்வது என்பதும் தெரிந்தது.

மாமியாருக்குக் கண்புரைதான். முற்றட்டும் என்று அந்தக் காலம்போல் காத்திருக்க வேண்டியதில்லை என்று டாக்டர் சொன்னார். சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் பையன் மெதுவாகச் சொன்னான்: "அம்மாவை வளையலைப் போட்டுக்கச் சொல்லுங்க சித்தி. யாருக்காகன்னு எனக்குத் தெரிஞ்சப்புறம் வந்து கேக்கறேன்."

கம்பெனிக்கு மட்டுமல்ல, நாம் வீட்டில் தொடங்கும் இட்லி மாவு வியாபாரத்துக்கும் தையலுக்கும் இதே கேள்விதான். யாருக்கு என்ன குறை, அதை நாம் எப்படித் தீர்க்கப்போகிறோம்? ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். எழுத வந்தால் துணிந்து இறங்குங்கள். வராவிட்டால் வளையல் கையிலேயே இருக்கட்டும்!