வாரம் 35 கோடிப் பவுன் புரட்டு

2016-ம் வருஷம் ஜூன் மாதம் 23-ந் தேதி பிரிட்டிஷ் ஓட்டர்களைக் கூப்பிட்டு, ஐரோப்பிய யூனியனில் இருப்பதா, விலகுவதா என்று கேட்டு ஓட்டு எடுத்தார்கள். விலகுவதென்று 1 கோடியே 74 லட்சம் பேரும், இருப்பதென்று 1 கோடியே 61 லட்சம் பேரும் ஓட்டுக் கொடுத்தார்கள். அதன்படியே அந்த தேசம் 2020 ஜனவரி 31-ல் யூனியனை விட்டு விலகியும் விட்டது. விலகியது சரியா தப்பா என்று பஞ்சாயத்துச் செய்ய நாம் இப்போது வரவில்லை. தன் வீட்டுக் காரியத்தைத் தானே பார்த்துக் கொள்ள வேண்டுமென்பதற்காக ஒருவன் கொஞ்சம் நஷ்டத்திற்கும் சம்மதித்தால் அவனை நாம் பைத்தியக்காரன் என்று சொல்ல மாட்டோம். ஆனால் அவனுக்கு நஷ்டமே இல்லை, லாபந்தான் என்று பொய்க் கணக்குக் காட்டிச் சம்மதம் வாங்கினவர்களைப் பற்றிப் பேசாமலிருக்க நம்மால் முடியாது.

சங்கதி என்னவென்றால், விலக வேண்டுமென்ற கட்சியார் ஒரு பெரிய சிவப்பு மோட்டார் பஸ்ஸை ஊர் ஊராக ஓட்டினார்கள். அதன் பக்கத்தில், ஐரோப்பிய யூனியனுக்கு நாம் வாரம் 35 கோடிப் பவுன் அனுப்புகின்றோம், அதற்குப் பதில் நம் ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுப்போம் என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. அந்த நாட்டில் 1948 முதல் ஏழை பணக்காரன் என்று பாராமல், கையில் காசு கேட்காமல் சர்க்காரே வைத்தியம் செய்து வருகின்றது. அது அந்த ஜனங்களுக்கு உயிர்போன்ற ஸ்தாபனம். ஆகவே எந்த இடத்தில் தொட்டால் பாமர மக்களின் மனம் இளகுமோ அந்த இடத்தைப் பார்த்துத்தான் தொட்டிருக்கின்றார்கள்.

இனி கணக்கைப் பார்ப்போம். 2015-ம் வருஷத்திற்கு அந்நாட்டுப் பொக்கிஷ இலாகாவே வெளியிட்ட கணக்குப்படி, பிரிட்டன் யூனியனுக்குச் சேரவேண்டிய முழுத்தொகை 1,780 கோடிப் பவுன். அதில் கழிவு 490 கோடி. இந்தக் கழிவு என்பது பணத்தை அனுப்பிவிட்டுப் பிறகு திருப்பி வாங்குவதல்ல. அனுப்புவதற்கு முன்னாலேயே கழித்துக் கொள்வது. ஆகவே கடல் தாண்டிப் போனது 1,290 கோடிதான். போனதில் 440 கோடி, விவசாயிகளுக்கும் பின்தங்கிய ஜில்லாக்களுக்கும் உதவித் தொகையாக சர்க்கார் மூலமே திரும்பி வந்தது. மிச்சம் 850 கோடி. இதை 52 வாரத்தால் வகுத்துப் பாருங்கள். வாரத்திற்கு 16 கோடி சொச்சந்தான் வரும். சர்வகலாசாலைகளுக்கும் ஆராய்ச்சிக்காரருக்கும் நேராக வந்த பணத்தை நாம் இதில் சேர்க்கவேயில்லை.

ஒருவன் 35 ரூபாய் விலையுள்ள வேஷ்டிக்கு 10 ரூபாய் கழிவு போக 25 ரூபாய் கொடுத்து வாங்கி வந்து, தன் வீட்டில் 35 ரூபாய் கொடுத்தேன் என்று சொன்னால் அவனுடைய பெண்சாதி என்ன கேட்பாள்? அவ்வளவு சாதாரணக் கேள்வியைத்தான் அங்கே கோடிக்கணக்கான பேர் கேட்காமல் விட்டுவிட்டார்கள். கேட்ட சிலரும் இல்லாமலில்லை. சர்க்கார் புள்ளிவிவரங்களின் யோக்கியதையைக் கவனிக்கும் அதிகாரசபையின் தலைவர், ஓட்டெடுப்புக்கு முன்னாலேயே இந்த எண் ஜனங்களைத் தப்பு வழியில் கொண்டு போகக்கூடியது என்று பகிரங்கமாகச் சொன்னார். பஸ் நின்றபாடில்லை. 2017 செப்டம்பரில், அப்போது வெளிநாட்டு மந்திரியாயிருந்த மிஸ்டர் போரிஸ் ஜான்சன் அதே 35 கோடியை மறுபடியும் எடுத்து விட்டபோது, அடுத்து வந்த தலைவர் இது சர்க்கார் புள்ளிவிவரத்தைத் துஷ்பிரயோகம் செய்வதாகும் என்று அவருக்கே கடிதம் எழும்படி ஆயிற்று.

நிற்க, இப்படிச் சொல்வதால் பிரிட்டனுக்குக் குறையே இருந்ததில்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. குறை வாஸ்தவமானது. 1973 ஜனவரி 1-ந் தேதி அந்த தேசம் உள்ளே போகும்போது, சட்டதிட்டங்களை முன்னாலிருந்தவர்கள் தங்களுக்குச் சௌகரியமாக எழுதி வைத்துவிட்டார்கள். யூனியனுக்கு வெளியிலிருந்து வரும் சாமான்களுக்குப் போடும் சுங்கவரியும், உணவுப் பொருள்களுக்குப் போடும் தீர்வையும், விற்பனை வரியில் ஒரு பங்கும் பொதுப் பெட்டிக்குப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. பிரிட்டனோ நியூஜிலாந்து வெண்ணெய் முதலாகக் கடல் கடந்து வாங்கித் தின்னும் நாடு. ஆகவே தீர்வை ஏராளமாய்ப் போயிற்று. பொதுப் பெட்டியிலிருந்து வெளியே வரும் பணத்திலோ 100-க்கு சுமார் 70 பங்கு விவசாயத்திற்கே செலவாயிற்று. பிரிட்டனில் விவசாயிகள் சொற்பம். கொடுக்கும் வாசல் பெரிதாகவும் வாங்கும் வாசல் சிறிதாகவும் வைத்துக் கட்டிய வீட்டில் யார் குடியிருப்பார்கள்?

தாட்சர் அம்மையார் 1979-ல் டப்ளின் மகாநாட்டிலேயே இதைக் கிளப்பி, மற்ற பிரதம மந்திரிகள் முகஞ்சுளிக்கும் வரையில் 5 வருஷம் விடாமல் பேசி, 1984 ஜூனில் பிரான்சு தேசத்துப் பாந்தென்புளோவில் ஒரு முடிவு வாங்கினார். கொடுப்பதற்கும் பெறுவதற்கும் உள்ள வித்தியாசத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைக் கழித்துக் கொள்ளலாம் என்பதே அந்த முடிவு. அந்த அம்மையாரின் மற்ற அநேக காரியங்களை நாம் ஒப்புக்கொள்பவர்களல்ல. என்றாலும் கணக்குப் புத்தகத்தை விரித்து வைத்துக் கொண்டு சண்டை போட்டார் என்பதை மறைப்பானேன்? பஸ்ஸில் எழுதியவர்கள் அந்த அம்மையாரின் பெயரை வாய் ஓயாமல் சொல்லிக் கொண்டே, அவர் சம்பாதித்த கழிவை மாத்திரம் கணக்கில் சேர்க்காமல் விழுங்கிவிட்டார்கள்.

எதிர்க்கட்சியார் மாத்திரம் அரிச்சந்திரர்களா என்றால் அதுவும் இல்லை. 2014 அக்டோபரில், தேசிய வருமானத்தைத் திருப்பிக் கணக்குப் பார்த்ததில் பிரிட்டன் இன்னும் 170 கோடிப் பவுன் கட்டவேண்டும் என்று யூனியன் சீட்டு அனுப்பிற்று. பொக்கிஷ மந்திரி மிஸ்டர் ஆஸ்பர்ன் போய்ப் பேசிவிட்டு வந்து, பாதியாகக் குறைத்துவிட்டேன் என்று மார்தட்டினார். வழக்கமாகக் கிடைக்கவேண்டிய கழிவைத்தான் அவர் தம் வெற்றி என்று காட்டினார். அவர் சொன்னதற்கு ஆதாரமில்லை என்று பார்லிமெண்டுக் கமிட்டியே எழுதிவிட்டது. அதே மந்திரியின் இலாகாதான் 2016-ல், விலகினால் குடும்பத்திற்கு வருஷம் 4,300 பவுன் நஷ்டம் என்று பயமுறுத்திற்று. தேச முழுவதின் உற்பத்தியை வீடுகளின் எண்ணிக்கையால் வகுத்து வந்த எண்ணை, ஏதோ கூலிக்காரன் சட்டைப் பையிலிருந்து போகும் பணம்போல் காட்டினார்கள். விலகச் சொல்லி ஓட்டு விழுந்தால் உடனே அவசர பட்ஜெட் போட்டு 3,000 கோடிப் பவுனுக்கு வரி உயர்வும் செலவு வெட்டும் செய்வோம் என்றார்கள். ஓட்டு விழுந்தது, அந்த பட்ஜெட்டைக் காணோம்.

இவ்வளவு கூச்சலிலும் ஒரு கேள்வியை இரு கட்சியாரும் பெரும்பாலும் எழுப்பவேயில்லை. திரும்பி வந்த பணம் யார் வீட்டுக்குப் போயிற்று என்பதே அது. அதில் பெரும்பங்கு விவசாய உதவி. அந்த உதவியோ, பிற்காலத்தில் வைத்திருக்கும் நிலத்தின் ஏக்கர் கணக்குப்படியே கொடுக்கப்பட்டது. அதாவது 10 ஏக்கர்க்காரனுக்குச் சில்லறையும், 10,000 ஏக்கர்க்காரனுக்கு மூட்டையும். ராணியாருடைய சாண்ட்ரிங்ஹாம் பண்ணைக்கும் இந்தத் தருமம் வருஷா வருஷம் கிடைத்து வந்தது! சட்டை வாங்கினாலும் சோப்பு வாங்கினாலும் வரி கட்டுகிற தொழிலாளியின் காசு, பிரஸ்ஸல்ஸ் போய்ச் சுற்றிவிட்டுப் பிரபுவின் களஞ்சியத்திற்குத் திரும்பி வந்ததென்றால், அதை எந்தப் பஸ்ஸிலாவது எழுதினார்களா? எழுதமாட்டார்கள், பிரபுக்கள் இரண்டு கட்சியிலும் இருந்தார்கள்.

ஏழை ஜில்லாக்களின் கதை வேறு. தகரமும் தாமிரமும் தோண்டிக் கொண்டிருந்த சுரங்கங்கள் மூடிப்போன கார்ன்வாலுக்கும், நிலக்கரியும் இரும்பும் போய்விட்ட வேல்ஸ் பள்ளத்தாக்குகளுக்கும் ரோடு, காலேஜ், தொழில் என்று யூனியன் பணம் வந்து கொண்டிருந்தது. அந்தக் கார்ன்வாலில் 100-க்கு 56 பேருக்கு மேலும், வேல்ஸில் பிளைனா குவெண்டில் 62 பேரும் விலகவே ஓட்டுக் கொடுத்தார்கள். முடிவு வெளியான உடனேயே கார்ன்வால் கவுன்சில், எங்களுக்கு வந்து கொண்டிருந்த தொகை குறையக் கூடாது என்று உறுதி கேட்டது. இதைச் சொல்லி அந்த ஜனங்களைக் கேலி செய்தவர்கள் அநேகர். நாம் கேலி செய்யமாட்டோம். வேலை போய், வாலிபர்கள் ஊரைவிட்டுப் போய், கடைவீதி பாழாய்க் கிடக்கும் ஊரில், ஒரு புதுக் கட்டடத்தின் சுவரில் ஒட்டின யூனியன் கொடிப் பலகை யார் வயிற்றை நிரப்பும்? அவர்களிடத்தில் ஒருவரும் வந்து கணக்குச் சொல்லவில்லை. பஸ் மாத்திரம் வந்தது.

ஓட்டு எண்ணி முடிந்த காலையிலேயே மிஸ்டர் பாரேஜ் டெலிவிஷனில் தோன்றி, அந்த 35 கோடி ஆஸ்பத்திரிக்குப் போகுமென்று தாம் உறுதி சொல்ல முடியாது, அப்படி எழுதியதே தப்பு என்றார். அவர் அந்தப் பஸ்காரர்களின் சங்கத்தைச் சேர்ந்தவரல்ல என்பது மெய்யே. என்றாலும் இந்த ஞானம் முதல்நாள் சாயங்காலம் உதயமாகியிருக்கக் கூடாதா என்றுதான் கேட்கின்றோம். பஸ்ஸுக்கு முன் நின்று பேசிய மிஸ்டர் ஜான்சனோ பிரதம மந்திரியாகி, 2021 செப்டம்பரில் ஆஸ்பத்திரிகளுக்கும் முதியோர் பராமரிப்புக்கும் பணம் போதவில்லையென்று சம்பளக்காரர் மேல் 100-க்கு ஒன்றே கால் பங்கு புது வரி போட்டார். அடுத்த வருஷமே அதை எடுத்துவிட்டார்கள் என்பது வேறு சங்கதி. யூனியனிலிருந்து மிச்சமாகும் பணம் ஆஸ்பத்திரிக்கு வருமென்றால் இந்த வரி எதற்கு?

பிரிந்து போவதற்கும் சும்மா விடவில்லை. ஏற்கெனவே ஒப்புக்கொண்ட செலவுகள், உத்தியோகஸ்தர் பென்ஷன் முதலியவற்றில் தன் பங்காக 3,500 முதல் 3,900 கோடிப் பவுன் வரை கட்ட வேண்டியிருக்கும் என்று 2017 டிசம்பரில் பிரிட்டிஷ் சர்க்காரே மதிப்புப் போட்டது. விஞ்ஞான ஆராய்ச்சித் திட்டத்தில் சேராமல் முடியாதென்று கண்டு, 2024 ஜனவரியிலிருந்து அதில் மறுபடி சேர்ந்து அதற்கும் சந்தா கட்டுகின்றார்கள். இப்போது பணம் கட்டும் உரிமை உண்டு. அந்தச் சபையில் ஓட்டுப் போடும் உரிமை கிடையாது. பென்ஷன் பங்கோ 2060-க்கு அப்பாலும் போகுமென்கிறார்கள். அந்தச் சிவப்புப் பஸ்ஸைப் பார்த்துவிட்டு ஓட்டுச் சாவடிக்குப் போன கிழவனின் பேரனும் அதில் தன் பங்குக் காசைக் கட்டித்தான் தீரவேண்டும்.