அத்தை ஏறிய படிகள்



டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினம். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை டாக்டர் மேரி வர்கீஸைப் பற்றி அன்று உங்கள் இதழில் நாலு வரியாவது போடுங்கள். 1954-ல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1972-ல் பத்மஸ்ரீ. ஜெபமும் வேலையும் அவருக்கு வேறுவேறாக இருக்கவில்லை.

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கிலும் அப்படி ஒருவர் இருந்தார். காலமான என் அத்தைதான். சிறுவயதில் போலியோ. ராயப்பன்பட்டிப் பக்கம் திராட்சைப் பந்தலுக்கடியில் சாக்கு விரித்து உட்கார்ந்து, பன்னீர் திராட்சைக் குலையில் அழுகின பழத்தை மட்டும் கத்தரியால் நறுக்குவார். பக்கத்துப் பழம் அசையாது. சாயங்காலமானால் ஜெபமாலை. "காலு நல்லாகணும்னு வேண்டிக்கிட்டீங்களா அத்தை?" என்று கேட்டேன். "அது கெடக்குதுடா. பழுக்குற நேரத்துல மழை வேணாம்னு வேண்டிக்கிட்டேன். வெடிச்சுப் போயிரும்ல" என்றார்.

மழையை நிறுத்தச் சொல்லிக் கேட்கிற தைரியசாலிக்குக் சர்ச் படிதான் பெரும்பாடு. கையூன்றித்தான் ஏறுவார், தூக்க வந்தால் வைவார்.

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வழிபாட்டு இடங்களையும், எல்லோரும் ஏறிப்போக வசதி இருக்க வேண்டிய பொதுக் கட்டடக் கணக்கில்தான் வைத்திருக்கிறது. சீரியல் லைட்டுக்கும் வாணவேடிக்கைக்கும் வசூலிக்கும் திருவிழாக் கமிட்டிகள், இந்த வருஷம் ஒரு சாய்தளத்துக்கும் கைப்பிடிக்கும் பணம் ஒதுக்கட்டும். கோவில், மசூதி, சர்ச் எல்லாவற்றுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

– ஒரு வாசகர், உத்தமபாளையம்