உதிரிப் பாகங்களால் ஒரு கித்தார்

நம் சங்கத்து அன்பர் ஒருவரின் புதல்வர், ஓராண்டுச் சேமிப்பைக் கொண்டு மின்சாரக் கித்தாரின் பாகங்களைத் தனித்தனியே தருவித்துத் தாமே பூட்டத் துணிந்துள்ளார். தம்பானூர்ப் பார்சல் அலுவலகத்திற்குக் கழுத்துப்பகுதி வந்துவிட்டது. "உதிரிச் சாமான்களில் சுருதி சேருமோ?" என்று தந்தையார் நம்மை வினவினார்.

சேரும். அமெரிக்கரான லியோ ஃபெண்டர் 1950-இல் விற்பனைக்குக் கொணர்ந்த கித்தாரின் கழுத்து ஒட்டப்பட்டதன்று. நான்கு திருகாணிகளால் உடலோடு பிணைக்கப்பட்டது. எனவே கழற்றி மாற்றுதல் எளிதாயிற்று. (அவருக்குக் கித்தார் வாசிக்கத் தெரியாது என்பது வேடிக்கை!)

கவனம் வேண்டுவது குதிரையை அமைக்குமிடத்தில்தான். தலைப்பக்கத்துத் தாங்குகட்டையிலிருந்து பன்னிரண்டாம் மெட்டு வரை அளந்து, அதனை இரட்டித்த தொலைவில் குதிரை நிற்கவேண்டும். ஃபெண்டர் கழுத்துக்கு இம்முழுநீளம் 25½ அங்குலம். கிப்ஸன் அளவோ ஏறத்தாழ 24¾. ஒன்றின் கழுத்துக்கு மற்றதன் அளவில் குதிரையைப் பதித்தால் மேல்மெட்டுகள் யாவும் அபஸ்வரமே. வீணையாயின் மெழுகை இளக்கி மெட்டை நகர்த்தலாம். இதிலோ மெட்டுகள் மரத்தில் அறையப்பட்டவை. குதிரையிலுள்ள திருகுகள் சிறு பிழையையே திருத்தும். ஆதலின் கழுத்தைப் பூட்டி, அளந்து, அதன் பின்னரே குதிரைக்குத் துளையிடச் சொன்னோம்.

விரற்பலகை நம் மலைகளில் வளரும் ஈட்டி மரம் என்றறிந்ததும் தந்தையார் அதனைத் தடவிப் பார்த்தார். உடற்பகுதிக்கான முன்பணத்தில் பாதியைத் தாமே தருவதாக ஒப்பியிருக்கிறார்.