சில மணி நேரத்தில் குறையுமா டிப்ரஷன்? கெட்டமின் சிகிச்சை யாருக்கு, யாருக்கு இல்லை?

டிப்ரஷனுக்கு மாத்திரை எழுதிக் கொடுக்கும் டாக்டர் கூடவே சொல்லும் விஷயம், "முழுப் பலன் தெரிய நாலஞ்சு வாரம் ஆகும்" என்பது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணத்தோடு போராடும் ஒருவருக்கு அந்த நாலஞ்சு வாரம் ரொம்ப நீளம். கெட்டமின் என்ற மருந்து இவ்வளவு பேசப்படுவதற்கு முக்கியக் காரணம், அதன் வேகம்.

மருந்து ஒன்றும் புதுசு இல்லை. 1962-ல் அமெரிக்காவில் உருவாக்கப்பட்டு, 1970-ல் மயக்க மருந்தாக அனுமதி பெற்றது. வியட்நாம் போரில் காயம்பட்ட வீரர்களுக்குப் போட்டார்கள். நம்ம ஊர் ஆபரேஷன் தியேட்டர்களிலும் பழகிய பெயர்தான். 2000-ல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒரு சில நோயாளிகளுக்கு மட்டும் மிகக் குறைந்த அளவில் ஏற்றிப் பார்த்தார்கள். மூன்று நாளுக்குள் மனச்சோர்வு குறைந்தது. 2006-ல் வந்த இன்னொரு சிறிய ஆய்வில், அதே மாற்றம் இரண்டு மணி நேரத்துக்குள் தெரிந்தது.

வழக்கமான மாத்திரைகள் பெரும்பாலும் செரோட்டோனினைக் குறிவைக்கின்றன. கெட்டமின் போகும் பாதை வேறு: மூளையின் குளூட்டமேட் அமைப்பு. ஆனால், அது மனநிலையைத் தூக்குவது சரியாக எப்படி என்ற விவாதம் விஞ்ஞானிகளிடையே இன்னும் முடியவில்லை.

ஸ்பிரே வாங்கி வீட்டில் அடிக்கலாமா?

முடியாது. கெட்டமினின் ஒரு வடிவமான எஸ்கெட்டமின் நேசல் ஸ்பிரேவுக்கு அமெரிக்காவின் எஃப்.டி.ஏ 2019 மார்ச்சில் அனுமதி கொடுத்தது. கிளினிக்கில் உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும். உடம்பிலிருந்து விலகி மிதப்பது போன்ற உணர்வு வரலாம், ரத்த அழுத்தம் ஏறலாம் என்பதால் குறைந்தது இரண்டு மணி நேரம் கண்காணிப்பு. மறுநாள் வரை வண்டி ஓட்டக் கூடாது. முதல் நாலு வாரம், வாரத்துக்கு இரண்டு முறை இதே கதை. ஆபீஸ் போகிறவர்களுக்கு இது சாதாரண விஷயம் இல்லை.

கண்காணிப்பு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 'ஃப்ரெண்ட்ஸ்' நடிகர் மேத்யூ பெர்ரியின் மரணம் உதாரணம். 2023 அக்டோபரில் அவர் இறந்ததற்கு கெட்டமினின் பாதிப்பே முக்கியக் காரணம் என்றது பிரேதப் பரிசோதனை. அவர் கெட்டமின் சிகிச்சையும் எடுத்து வந்தார். ஆனால் உயிரைப் பறித்தது சிகிச்சையில் ஏற்றிய டோஸ் இல்லை, கள்ளத்தனமாக வந்தது.

'ஷாக் ட்ரீட்மென்ட்' பயம்

கெட்டமினுக்குப் போட்டியாக நிற்பது, தமிழ் சினிமா வில்லத்தனமாகவே காட்டிப் பழக்கிய மின் அதிர்வு சிகிச்சை. அமெரிக்காவில் இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வு 2023-ல் வெளியானது. மனமயக்க அறிகுறி இல்லாத, மருந்துக்கு அடங்காத டிப்ரஷன் உள்ளவர்களில், கெட்டமின் எடுத்தவர்களில் 55 சதவீதம் பேருக்கும் மின் அதிர்வு பெற்றவர்களில் 41 சதவீதம் பேருக்கும் நல்ல பலன். மின் அதிர்வில் ஞாபகக் குறைவும் அதிகம் தெரிந்தது. அதற்காகப் பழையதை ஒதுக்கிவிட முடியாது. இல்லாத குரல் கேட்கும் அளவுக்குத் தீவிரமானவர்கள் அந்த ஆய்விலேயே இல்லை. அவர்களுக்கு மின் அதிர்வுதான் இன்றும் முக்கிய வழி. மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் அதைக் கொடுக்க, இந்தியாவின் 2017 மனநலச் சட்டம் தடை போட்டிருக்கிறது. சினிமாவில் கட்டிப்போட்டுக் கொடுக்கும் காட்சிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

'மருந்துக்கு அடங்காத' என்றால்?

இங்கேதான் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். குறைந்தது இரண்டு மருந்துகளை, சரியான அளவில், போதுமான வாரங்கள் எடுத்தும் பலனில்லை என்றால்தான் அந்தப் பெயர். பத்து நாள் சாப்பிட்டுவிட்டு, "எனக்கு செட் ஆகலை" என்று நிறுத்துவது இதில் வராது. முதல் மருந்திலேயே முழுசாகக் குணமாகிறவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான் என்று அமெரிக்காவின் பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. அதனால் மருந்தை மாற்றுவது தோல்வி இல்லை, சிகிச்சையில் அது ரொம்ப சகஜம்.

இந்தியாவில் கெட்டமின், கடுமையான கட்டுப்பாடுள்ள 'ஷெட்யூல் எக்ஸ்' மருந்து. அதைவிடப் பெரிய தடை வேறு. மனநலப் பிரச்சினை உள்ளவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சைக்கே வருவதில்லை என்கிறது 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு. முதல் மாத்திரையே போய்ச் சேராத ஊரில், மூன்றாவது கட்ட ஸ்பிரே யாருக்கு?

உங்களுக்கோ தெரிந்தவருக்கோ இப்போதே பேச ஆள் வேண்டுமென்றால், அரசின் டெலி மானஸ் எண் 14416. கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.