குளத்துல விழுந்த அரியர்!

உங்க கேம்பஸ்ல குளம் இருக்கா? அதுல ஆளுயரத்துக்கு நின்னுட்டு, உச்சியில பிரவுன் கலர் குச்சி ஐஸ் மாதிரி ஒண்ணை ஆட்டிட்டிருக்கிற கோரையைப் பார்த்திருக்கீங்களா? அதுதான் சம்பு. நான் ஃபர்ஸ்ட் இயர் சேர்ந்தப்போ எங்க குளத்துல ஓரமா ஒரு கொத்துதான். செகண்ட் இயர் முடியறதுக்குள்ள தண்ணியவே காணோம்! முங்கி முங்கி விளையாடிட்டிருந்த முக்குளிப்பான் ஜோடியும் எஸ்கேப். அதுங்களுக்குத் திறந்த தண்ணி வேணுமே!

போன வருஷம் மே மாசம், அரிவாளோட முப்பது பேர் இறங்கினோம். தண்ணி வத்திக் கிடந்ததால வேலை ஈஸி. மொட்டையடிச்சு, குரூப் போட்டோ எடுத்து, பிரியாணியும் சாப்பிட்டாச்சு. ஜூலையில எட்டிப் பார்த்தா, முன்னைவிட அடர்த்தியா நிக்குது. மொத்த டீமுக்கும் அரியர்!

தோட்டக்கார தாத்தாதான் சிரிச்சுட்டே சொன்னார்: ''தண்ணிக்கு மேல வெட்டினா அது வெறும் முடிவெட்டுப்பா. தண்ணிக்கு அடியில வெட்டினாத்தான் கழுத்து!''

விஷயம் இதான். சம்புவோட கிழங்கு சேத்துக்குள்ள இருக்கு. அங்கே காத்து கிடையாது. இலை, தண்டுக்குள்ள இருக்கிற குழாய் வழியாத்தான் மேலேயிருந்து காத்து இறங்குது. காய்ஞ்சுபோன தண்டுகூட பைப் வேலை பார்க்கும். வெட்டின கட்டை தண்ணிக்குள்ள முழுகியே கிடந்தா, கிழங்கு மூச்சுமுட்டி அழுகிடும். நாங்க வெட்டினப்போ முழுகத் தண்ணியே இல்லை!

அதனால நம்ம ஊருக்கு செப்டம்பர் கடைசிதான் கரெக்ட். அடியோட வெட்டி விட்டுட்டா, மிச்சத்தை வடகிழக்குப் பருவமழை பார்த்துக்கும். குச்சி பஞ்சா வெடிக்கிறதுக்கு முன்னாடி வெட்டிடணும். ஒரு குச்சியில லட்சத்துக்கும் மேல விதை இருக்கும் பாஸ்! ஆனா, மொத்தத்தையும் வழிச்சிடாதீங்க. நீலத் தாழைக்கோழி கூடு கட்டுறது இந்தப் புதருக்குள்ளதான். முதல்ல கூடு இருக்கானு பாருங்க. தண்ணி உள்ளே வர்ற வாய்க்கால் பக்கம் ஒரு பங்கை அப்படியே விட்டுடுங்க. (பாம்பும் அங்கேதான் குடியிருக்கும். கம்பூட்ஸ் மஸ்ட். தனியா இறங்கவே கூடாது.)

எடுத்ததை எல்லாம் குப்பையில போடவும் மனசு வரலை. மெஸ் கழிவுத் தண்ணி தேங்குற தொட்டியில கொஞ்சம் நடலாம்னு முடிவு பண்ணினோம். அழுக்குத் தண்ணியில இருக்கிற சத்தை இழுக்கிறதுல சம்பு கில்லாடி. ஆனா, நடுறதுக்கு அந்த மழை வில்லன். அதனால தண்ணி இறங்கி, வெயில் ஏற ஆரம்பிக்கிற பிப்ரவரி வரைக்கும் வெயிட் பண்ணினோம். குளத்தோரத்துல விட்டுவெச்ச பங்குல இருந்து முளையோட, வேரோட கிழங்குத் துண்டை எடுத்து, இலையை ஒன்றரை அடிக்கு நறுக்கி, நாலு விரல் தண்ணியில நட்டோம். நறுக்கின நுனி மட்டும் தண்ணிக்கு மேல இருந்தே ஆகணும். ஆமா, அதே மூச்சுக்குழாய் மேட்டர்தான்! பன்னிரண்டு துண்டுல ஒன்பது பாஸ். ரெண்டை மெஸ் பூனை புடுங்கிடுச்சு.

குளமா? நவம்பர் மழையில கட்டை எல்லாம் முழுகிடுச்சு. டிசம்பர்ல ஒரு முக்குளிப்பான் வந்துச்சு. ஒண்ணே ஒண்ணு. ஜோடி இன்னும் வரலை. மெஸ்ஸுக்குப் போறப்ப எல்லாம் எட்டிப் பார்த்துட்டுதான் போறேன்.