சிறிய நாட்டுக்கு ஓர் இருக்கை

குவைத் என்றதும் நம்மில் பலருக்கு எண்ணெயும் வேலைக்கான விசாவுமே நினைவுக்கு வரும். பதினெட்டாயிரம் சதுர கிலோமீட்டர்கூட இல்லாத அந்த நாடு, உலக சபையில் ஓர் இருக்கைக்காகப் பட்ட பாடு அதிகம் பேசப்படுவதில்லை.

1899 முதல் இருந்த பிரிட்டிஷ் பாதுகாப்பு ஒப்பந்தம் முடிவுற்று, 1961 ஜூன் 19-இல் குவைத் விடுதலை பெற்றது. ஆறே நாளில், குவைத் தங்கள் பாஸ்ரா மாகாணத்தைச் சேர்ந்ததே என்று ஈராக்கின் ஆட்சியாளர் அப்துல் கரீம் காசிம் அறிவித்தார். வேறு வழியின்றி ஜூலை முதல் தேதியே பிரிட்டிஷ் படை வந்து இறங்கியது. நேற்று வழியனுப்பியவனையே இன்று வாசலில் காவல் நிறுத்துவது எந்தப் புதிய நாட்டுக்குத்தான் பெருமை? ஜூலை 20-இல் அரபு லீக் குவைத்தை உறுப்பினராக ஏற்றது. ஈராக்கின் பிரதிநிதி வெளிநடப்புச் செய்தார். சவூதி அரேபியா, ஜோர்டான், சூடான் முதலிய நாடுகளின் வீரர்கள் காவலுக்கு வந்த பின் பிரிட்டிஷார் வெளியேறினர். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான்!

ஆனால் ஐ.நா.வின் கதவு திறக்கவில்லை. நவம்பர் 30-இல் பாதுகாப்பு சபையில் சோவியத் யூனியன் வீட்டோவைப் பயன்படுத்தியது. குவைத் இன்னும் பிரிட்டனின் பிடியில்தான் இருக்கிறது என்பது அதன் வாதம். ஈராக்குடன் இருந்த நட்பே உண்மைக் காரணம் என்பது என் துணிபு. 1963 பிப்ரவரியில் காசிம் வீழ்ந்த பிறகே, மே 14-இல், 111-ஆவது உறுப்பினராகக் குவைத் உள்ளே நுழைந்தது. அக்டோபரில் ஈராக்கும் அதை அங்கீகரித்தது.

அத்துடன் ஆபத்து நீங்கிற்றா? 1990 ஆகஸ்ட் 2-இல் சதாம் உசேனின் படை புகுந்தது. ஐ.நா. உறுப்புரிமை ஒரு டாங்கியையும் நிறுத்தவில்லை. பட்டா இருப்பதால் மட்டும் பக்கத்து நிலத்துக்காரர் வரப்பை வெட்டாமல் இருந்துவிடுவாரா? ஆனால் பட்டா இல்லாதவன் தாலுகா கச்சேரியில் வாய் திறக்கவே முடியாது என்பதை உழவர் வீட்டுப் பிள்ளைகள் அறிவர். குவைத்திடம் பட்டா இருந்தது. படையை விலக்கச் சொல்லும் 660-ஆம் தீர்மானம் அன்றே நிறைவேறியது. 1961-இல் தடுத்த சோவியத் யூனியனும் ஆதரித்து வாக்களித்தது. குவைத்தை இணைத்துக்கொண்டதாக ஈராக் ஆகஸ்ட் 8-இல் அறிவிக்க, அது செல்லாது என்று மறுநாளே 662-ஆம் தீர்மானம் கூறியது. 1991 பிப்ரவரியில் அமெரிக்கா தலைமையிலான கூட்டுப்படை குவைத்தை மீட்டது.

எண்ணெய் இருந்ததால்தானே இத்தனையும் என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1923 முதல் சர்வதேச சங்கத்தில் உறுப்பினராயிருந்த அபிசீனியாவை 1935-இல் இத்தாலி தாக்கியது. சங்கம் இத்தாலிமீது விதித்த தடைகளில் எண்ணெய் சேர்க்கப்படவில்லை; அடுத்த மே மாதம் அடிஸ் அபாபா வீழ்ந்தது. பெரிய நாடுகளுக்கு மனமில்லையேல் இருக்கை வெறும் பலகைதான். அந்தப் பலகையும் இல்லாதவன் கதி என்ன?

ஆகவேதான், உறுப்பினர் சேர்க்கையில் வீட்டோ கூடாது என்கிறேன். போர், சமாதானம் பற்றிய முடிவுகளில் ஐந்து நாடுகளுக்குத் தனியுரிமை இருப்பதே சர்ச்சைக்குரியது. ஒரு நாடு தன் பெயரைப் பதிவு செய்துகொள்வதற்குமா? 1972-இல் சீனா போட்ட வீட்டோவால் வங்கதேசம் 1974 செப்டம்பர் வரை வெளியே நின்றது. 2024 ஏப்ரலில் பாலஸ்தீனத்தின் முழு உறுப்புரிமையைப் பன்னிரண்டு நாடுகள் ஆதரித்தும் அமெரிக்காவின் ஒரே வாக்கு தடுத்துவிட்டது. பொதுச் சபையில் மூன்றில் இரு பங்கு ஆதரவு எப்படியும் தேவை. அந்தச் சோதனை போதாதா? சாசனத்தின் 4-ஆவது விதியைத் திருத்தினால் போதும். அத்திருத்தத்துக்கும் அந்த ஐவரின் சம்மதம் வேண்டுமாம்!