பெட்டிக்குள்ள பாடுறது மீன் இல்ல, ஃபேன்

எங்கட நண்பன் ஒருத்தனின் கல்லடி வீட்டில், அவன் தானாகப் பொருத்தின கொம்பியூட்டர் ஒன்று இருக்கு. ஒரு இரவு அதில் அவனுடைய அம்மம்மாவின் கதைகளைப் பதிவு செய்ய உட்கார்ந்தோம். ரெண்டு நிமிசம் சொல்லிப்போட்டு அம்மம்மா நிப்பாட்டிட்டார்.

"மனே, உந்தப் பெட்டி ஏன் இப்பிடி இரையுது? அதை நிப்பாட்டுங்க, மறுகா சொல்றன்."

அதை நிப்பாட்டினால் எதில பதியிறது? பதிவைப் போட்டுக் கேட்டால் மேலே ஃபேன், அடியில் அம்மம்மா.

"நம்மட வெக்கைக்கு ஃபேன் இரையத்தான் செய்யும்" என்று எல்லாரும் சொல்றோம். நாங்க அதை ஏற்கவில்லை. படிப்பும் நித்திரையும் ஒரே அறையில் நடக்கிற வீடுகள் எங்களுடையவை. இரவில் எடிட்டிங் செய்பவருக்கு அந்த இரைச்சல் பழகிப்போகும். பக்கத்தில் படுத்திருக்கும் அம்மாவுக்குப் பழகாது. அமைதி ஆடம்பரம் இல்லை, அது வீட்டில் உள்ள மற்றவர்களுக்குக் கொடுக்கிற மரியாதை.

1848 செப்டெம்பரில் எமர்சன் டெனன்ட் எங்கட வாவியில் தோணியேறிப் பாடும் மீனைக் கேட்டார். தோணியின் பலகையில் காதை வைத்தபோது அந்த ஓசை பல மடங்கு கூடினதாக எழுதியிருக்கிறார். பெட்டிக்குள் நடப்பதும் இதுதான். ஃபேனின் சின்ன அதிர்வை மெல்லிய தகரப் பக்கம் வாங்கிப் பெருக்கிவிடும். ஓடும்போது பக்கத் தகட்டை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்க. சத்தம் மாறினால் முதல் குற்றவாளி தகடுதான். திருகாணிகளை இறுக்குங்க, ஃபேனுக்கு ரப்பர் பிடிகள் போடுங்க, பெட்டியின் கால்களுக்குக் கீழே பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி வையுங்க. செலவு சொற்பம்.

அடுத்தது தூசு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. ஈரக்காற்றில் தூசு ஹீட்சிங்கில் அப்பிப் பிடிக்கும். காற்றுப் போக வழியில்லாமல் ஃபேன் இன்னும் வேகமாகச் சுத்தும். மின்சாரத்தைக் கழற்றி, இதழ்களைச் சுத்தவிடாமல் பிடித்துக்கொண்டு ஊதித் துடையுங்க. பவர் சப்ளையை மட்டும் திறக்காதீங்க, வயரைக் கழற்றின பிறகும் உள்ளே மின்னேற்றம் நிற்கும். சிலர் பக்கத் தகட்டைக் கழற்றி மேசை ஃபேனைத் திருப்பிவிடுவார்கள். அன்றைக்குச் சூடு குறையும், மறுகா உப்புக்காற்றும் தூசும் நேராக உள்ளே போகும். வருசக்கணக்காகத் தொடாத தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தால் அதையும் மாற்றுங்க.

பிறகு பயோஸ். பெரும்பாலான மதர்போர்ட்களில் எந்தச் சூட்டுக்கு எந்த வேகம் என்று நாங்களே வைக்கலாம். ஃபேன் வேகத்தைப் பாதியாக்கினால் சத்தம் கிட்டத்தட்ட 15 டெசிபல் குறையும். 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குப் பாதியாகத்தான் கேட்கும். அதே காற்றை 80 மில்லிமீற்றர் ஃபேனை விட 120 மில்லிமீற்றர் ஃபேன் மெதுவாகச் சுத்தியே தள்ளிவிடும். திடீரென்று ஏறி இறங்கும் இரைச்சல்தான் கூட எரிச்சல் தரும், ஆகவே வேகம் மாறுவதற்குச் சில விநாடி தாமதமும் வையுங்க.

இங்கேதான் எங்கட நண்பர்களோட சண்டை. 50 பாகையைத் தாண்டினால் பெட்டி கருகிப்போகும் என்று பயப்படுகிறார்கள். டெஸ்க்டொப் புரொசசர்கள் பொதுவாக 90–100 பாகைக்குக் கிட்ட வந்தால்தான் தாங்களாகவே வேகத்தைக் குறைக்கும். வேலை நேரத்தில் 75 பாகை ஆபத்தில்லை. வெளியே 33 பாகை வெக்கையடிக்கும்போது உள்ளே 50 வேணும் என்று அடம்பிடித்தால், அந்த இலக்கத்துக்கு விலை கொடுப்பது வீட்டாரின் நித்திரை.

சித்திரை மாத மத்தியானம் கேம் விளையாடினால் கொஞ்சம் இரையும், அதை மறைக்கவில்லை. ஆனால் மின்னும் புது ஃபேன் செட்டுக்குக் காசு சேர்க்க முதல், ஒரு ஞாயிறை இதற்குக் கொடுங்க.

நாங்க கொடுத்தோம். மறுபடி பதியப் போனபோது அம்மம்மா கேட்டார், "இன்னும் போடல்லையா மனே?" பெட்டி அப்போதே ஓடிக்கொண்டுதான் இருந்தது.